கருத்து எப்போது வந்து சேர்கிறது?

2002 ஆகஸ்ட் 10. டோக்கியோ விரிகுடாவை ஒட்டியுள்ள பிக் சைட் கண்காட்சி அரங்கில் 62-ஆவது காமிக் மார்க்கெட் நடந்துகொண்டிருந்தது. ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, அச்சிட்டுக் கொண்டுவருவதை விற்கும் சந்தை அது. ஒரு குழுவுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது பாதி மேசை, அதாவது 90 சென்டிமீட்டர் இடமும் இரண்டு நாற்காலியும்தான். அன்று அங்கே ‘ஹிகுராஷி நோ நாக்கு கோரோ நி’ என்ற விஷுவல் நாவலின் முதல் பாகம் சிடியாக விற்பனைக்கு வந்தது. ‘அந்திச் சிள்வண்டு அழும் வேளை’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் ரியூகிஷி07 என்ற புனைபெயர் வைத்துக்கொண்ட ஓர் அரசு ஊழியர். படங்களும் அவர் வரைந்தவையே. அவற்றைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரங்களின் விரல்கள் தடித்து உருண்டு, ஆளாளுக்குக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பின்னணிக்குப் புகைப்படங்களைக் கணினியில் கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தார். அன்று வாங்கியவர்கள் சிலரே.

நான்கே ஆண்டுகளில் அந்தக் கதை தொலைக்காட்சித் தொடரானது. மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதையாகவும் பல வரிசைகளில் வந்தது. பின்னால் திரைப்படமாகவும் ஆயிற்று. பெரிய நிறுவனம் எதுவும் தொடக்கத்தில் அதன் பின்னால் இல்லை. படித்தவர்கள் பேசினார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் பேசியாக வேண்டிய விதத்தில் கதையே கட்டப்பட்டிருந்தது.

விஷுவல் நாவல் பழக்கமில்லாதவர்களுக்காக: திரையில் பின்னணிப் படம், அதன்மேல் பாத்திரத்தின் உருவம், கீழே வாசகம், பின்னால் இசை. சொடுக்கச் சொடுக்க அடுத்த வரி வரும். ஆங்காங்கே ‘இவளோடு போகவா, அவனைத் தேடவா’ என்று கேள்வி வரும். தேர்வுக்கு ஏற்பக் கதை கிளை பிரியும். 1992-இல் சுன்சாஃப்ட் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வெளியிட்ட ‘ஓட்டோகிரிசோ’ இந்த வடிவத்தை நிலைநிறுத்தியது. ‘விஷுவல் நாவல்’ என்ற பெயரை 1996-இல் லீஃப் நிறுவனம் தன் வரிசைக்குச் சூட்டியது. இரண்டு மணி நேரத்தில் முடிபவை உண்டு. 50 மணி நேரத்தைத் தாண்டுபவையும் உண்டு.

ஹிகுராஷியில் அந்தத் தேர்வுகளே கிடையாது. வாசகர் சொடுக்கிக்கொண்டே போகிறார். 1983 ஜூன் மாதம், ஹினாமிசாவா என்ற மலைக் கிராமம். அணைக்கட்டுத் திட்டத்தை எதிர்த்துப் போராடிய ஊர். ஆண்டுதோறும் கோயில் திருவிழா இரவில் ஒருவர் சாகிறார், இன்னொருவர் காணாமல் போகிறார். நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்த பையன் கெய்இச்சி, தன் பள்ளித் தோழிகளையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். உடல் சரியில்லாமல் படுத்திருக்கும் அவனுக்கு அவர்கள் ஓஹாகி என்ற இனிப்புச் சோற்று உருண்டை கொண்டுவந்து தருகிறார்கள். கடித்தவுடன் வாயில் ஊசி குத்துகிறது என்கிறான் அவன். முதல் பாகம் முடியும்போது கொலை நடந்துவிடுகிறது. காரணம் மட்டும் சொல்லப்படுவதில்லை.

ஊசி இருந்ததா, இல்லையா? கதையைச் சொல்பவனே நம்பத்தக்கவனா? 2002-லிருந்து வாசகர்கள் இதை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். ‘சரியான விடை காண்போர் 1 விழுக்காடு’ என்பதுதான் ஆசிரியர் வைத்த விளம்பர வாசகம். ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் ஒரு விசித்திரமான பகுதி வரும். செத்தவர், கொன்றவர் எல்லோரும் நாடகம் முடிந்து ஒப்பனை கலைத்த நடிகர்கள்போல் ஒன்றாக உட்கார்ந்து, இது மனிதர் செய்த குற்றமா, தெய்வத்தின் சாபமா, எல்லாம் தற்செயலா என்று விவாதிப்பார்கள். வாசகர் வீட்டுக்குப் போய் நண்பர்களோடு நடத்தப்போகும் சண்டையை ஆசிரியரே தொடங்கிவைத்துவிட்டு எழுந்து போகிறார்.

பிறகு ஆறு மாதம் இடைவெளி. காமிக் மார்க்கெட் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் கூடுகிறது. சில சமயம் தாமதமானாலும் அந்தத் தாளத்தில்தான் எட்டுப் பாகங்களும் வந்தன. முதல் நான்கு வினாக்கள், அடுத்த நான்கு விடைகள். கடைசிப் பாகம் 2006 ஆகஸ்ட் 13 அன்று வெளியானது. முதல் பாகத்தை முழுமையாகவே இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ள விட்டிருந்ததால், இடைவெளிகளில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்த ஊசி ஊசியே அல்ல என்பது விடைப் பாகங்களில் தெளிவாயிற்று. அதற்குள் மூன்றாண்டு வாதம் நடந்து முடிந்திருந்தது.

அனிமே, விஷுவல் நாவல் ரசிகர்களிடையே கருத்துப் பரிமாற்றம் என்றாலே மதிப்பெண்ணும் வசவும் நினைவுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஹிகுராஷியை வைத்துப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. கருத்து நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும். அது படைப்பாளியிடம் எப்போது வந்து சேர்கிறது? வேலை நடந்துகொண்டிருக்கும்போதா, முடிந்த பிறகா? இந்த ரசிகர் உலகத்தின் பெருமைகளையும் சீரழிவுகளையும் பெருமளவு இந்த ஒரு கேள்வியைக் கொண்டே விளக்கிவிடலாம்.

காமிக் மார்க்கெட் என்ற அந்தச் சந்தையே ஒரு விமர்சனத்தால் பிறந்ததுதான். 1970-களின் முதற்பாதியில் ஜப்பானிய மாங்கா ரசிகர்களுக்கு ‘மாங்கா தாய்காய்’ என்ற ஆண்டு மாநாடு இருந்தது. அதை நடத்துபவர்களைக் குறைகூறிய ஒரு ரசிகருக்கு 1975-இல் அனுமதி மறுக்கப்பட்டது. ‘மெய்க்யூ’ என்ற மாங்கா விமர்சனக் குழு அதை எதிர்த்தது. எதிர்த்ததோடு நிற்காமல் தானே ஒரு கூடுகையை நடத்தியது. 1975 டிசம்பர் 21 அன்று, டோக்கியோவின் தொரானொமொன் பகுதியில் ஓர் அரங்கில், 32 குழுக்களும் ஏறக்குறைய 700 பேரும் கூடினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சிறுமியருக்கான ஷோஜோ மாங்கா படிக்கும் பள்ளி மாணவிகள். அதுதான் முதல் காமிக் மார்க்கெட். நிறுவியவர்களில் ஒருவரான யோஷிஹிரோ யொனெசாவா 1980 முதல் 2006-இல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். 2019 டிசம்பரில் நான்கு நாட்களில் 7,50,000 பேர் வந்தார்கள்.

இன்றுவரை அவர்கள் விடாமல் சொல்லும் கொள்கை ஒன்று உண்டு: இங்கே வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை; விற்பவர், வாங்குபவர், ஒழுங்குபடுத்தும் தொண்டர் எல்லோரும் பங்கேற்பாளர்களே. கேட்பதற்கு வெறும் கொள்கை முழக்கமாகத் தோன்றலாம். நடைமுறையில் அதற்குப் பொருள் உண்டு. வாங்குபவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். எழுதியவர் 45 சென்டிமீட்டர் அகல மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ‘போன முறை வந்ததைவிட இதில் வசனம் நன்றாக இருக்கிறது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது சொல் தானாகவே சீர்ப்படுகிறது. அடுத்த முறை தானும் ஒரு மேசை போட்டு உட்காரக்கூடும் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால் இன்னும் சீர்ப்படும்.

தொலைக்காட்சி அனிமேயின் கடிகாரம் வேறு. அங்கே முதலில் வந்து சேர்வது பணத்தின் கருத்து. 1974-இல் தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ 39 வாரங்களுக்குத் திட்டமிடப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் 26-இல் முடிக்கப்பட்டது. 1979-இல் வந்த ‘மொபைல் சூட் குண்டம்’ 52 வாரங்களுக்கென்று தொடங்கி 43-இல் நின்றது. பொம்மை விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. ரசிகர்களின் குரல் எழுந்தபோது இரண்டுமே முடிந்துபோயிருந்தன. மறுஒளிபரப்புகள், ரசிகர் மன்றங்கள், ‘அவுட்’ இதழும் 1978-இல் தொடங்கிய ‘அனிமேஜ்’ இதழும் வெளியிட்ட வாசகர் பக்கங்கள் ஆகியவை சேர்ந்துதான் அந்தத் தொடர்களுக்கு மறுபிறவி கொடுத்தன. யமாட்டோ 1977-இல் திரையரங்குக்கு வந்து கூட்டத்தைச் சேர்த்தது. குண்டம் திரைப்படத்தின் அறிமுகத்துக்காக 1981 பிப்ரவரி 22 அன்று ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் முன்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். ஆனால் வெட்டப்பட்ட வாரங்கள் திரும்பி வரவில்லை.

வார இதழ் மாங்காவின் நிலை இதற்கு நேர்மாறு. ‘ஷோனென் ஜம்ப்’ இதழோடு ஒரு கேள்வி அட்டை வரும். பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். அட்டைகளில் பின்தங்கும் கதை இதழின் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டு, பிறகு நிறுத்தவும்படும். 1994 இறுதியில் அந்த இதழ் 65,30,000 பிரதிகள் அச்சிட்டது. அங்கே கருத்து உடனுக்குடன் வருகிறது. வந்த வேகத்தில் கழுத்தை நெரிக்கவும் செய்கிறது. ஆறு மாத இடைவெளியில் ஒருவர் நின்று யோசிக்க முடியும். ஒரு வாரத்தில் பயந்து ஓட மட்டுமே முடியும்.

தொலைக்காட்சிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது என்பதற்கு ‘சுசுமியா ஹாருஹி’ தொடர் நல்ல சாட்சி. 2009 கோடையில் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தயாரித்த ‘முடிவில்லா எட்டு’ என்ற கதை எட்டு வாரம் ஒளிபரப்பானது. எட்டு வாரமும் ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சிகள்: ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரத்தில் சிக்கிக்கொண்ட மாணவர்கள் அதையே 15,532 முறை வாழ்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாக வரைந்து, புதிதாகக் குரல் பதிவு செய்திருந்தார்கள். கோணமும் உடையும் மாறின, கதை நகரவில்லை. மூன்றாம் வாரத்தில் எரிச்சல், ஐந்தாம் வாரத்தில் கொதிப்பு. எதுவும் பலிக்கவில்லை, ஏனென்றால் ஒளிபரப்பாகும் அனிமே பல மாதம் முன்பே முடிவுசெய்யப்பட்டு வரையப்படுவது. ரசிகர்கள் கத்தியது ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட ரயிலைப் பார்த்து. படைப்பாக அது துணிச்சலா வறட்டுப் பிடிவாதமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எட்டையும் ஒரே மூச்சில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் பிடிவாதக் கட்சிக்கே பலம் அதிகம்.

காலம் கடந்து வந்த கருத்து எவ்வளவு கசக்கும் என்பதற்கு ‘எவாஞ்செலியன்’ தொடர்தான் பெரிய எடுத்துக்காட்டு. 1996 மார்ச் 27 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில், உலகம் அழியும் தறுவாயில் நின்ற கதை திடீரென்று ஷின்ஜி என்ற சிறுவனின் மனத்துக்குள் போய் அங்கேயே முடிந்துவிட்டது. போர் என்ன ஆயிற்று, உலகம் என்ன ஆயிற்று என்று ஒன்றும் இல்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். கடிதங்களும் கணினி வலையில் எழுதப்பட்ட செய்திகளும் குவிந்தன. அவற்றில் பாராட்டும் இருந்தது, கொலை மிரட்டலும் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 19-இல் ‘எவாஞ்செலியனின் முடிவு’ திரையரங்குகளுக்கு வந்தது. அதன் உச்சகட்டத்தில், வரைந்த படங்களுக்கு நடுவே நிஜமான திரையரங்கும் அதில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களும் காட்டப்படுகிறார்கள். பிறகு கடிதங்களும் கணினித் திரைச் செய்திகளும் கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பளிச்சிட்டு மறைகின்றன: இயக்குநர் ஹிதேயாக்கி அன்னோவைக் கொல்வேன் என்பது உட்பட. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் வாசிக்க முடியும். இயக்குநர் அந்தச் சொற்களை வாங்கி, எழுதியவர்கள் காசு கொடுத்துப் பார்க்கும் படத்துக்குள்ளேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கலைக்கு அது லாபம்தான். ரசிகனுக்கும் படைப்பாளிக்கும் நடுவே அது உரையாடலாக இருந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

ரியூகிஷி07-க்கும் அந்தக் கசப்பு வந்து சேர்ந்தது. அதுவும், கருத்துக்கு இடைவெளி விட்டு எழுதுவதில் யாரையும்விடத் தேர்ந்தவராக இருந்தும்.

2007 ஆகஸ்டில் அவர் ‘உமினேகோ நோ நாக்கு கோரோ நி’ என்ற அடுத்த விஷுவல் நாவலைத் தொடங்கினார். 1986 அக்டோபர் 4, 5 தேதிகளில் ரொக்கென்ஜிமா என்ற தனித்தீவில் செல்வக் குடும்பம் ஒன்று கூடுகிறது. புயலில் 18 பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டிய அறைகளுக்குள் கொலைகள். எல்லாம் சூனியக்காரி பெயத்ரிச்சேயின் வேலை என்று ஒரு தரப்பு. மனிதக் கையால் ஆகாதது எதுவுமில்லை என்று வாதாடும் அந்தக் குடும்பத்துப் பேரன் பட்லர் மறுதரப்பு. ஹிகுராஷியில் வாசகர்கள் கதைக்கு வெளியே நடத்திய வாதத்தை இங்கே கதைக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

இரண்டாம் பாகத்தில் ஒரு விதி அறிமுகமானது. சூனியக்காரி சிவப்பு எழுத்தில் சொல்வது சான்று தேவையற்ற உண்மை. ‘இந்த அறையில் வேறு எவரும் ஒளிந்திருக்கவில்லை’ என்று சிவப்பில் வந்துவிட்டால், ஒளிந்திருந்தான் என்று அதற்குப் பிறகு யாரும் ஊகிக்கக் கூடாது. நான்காம் பாகத்தில் நீல எழுத்து வந்தது. மனிதத் தரப்பு தன் ஊகத்தை நீலத்தில் வைக்கலாம். சூனியக்காரி அதைச் சிவப்பால் உடைத்தாக வேண்டும். வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சிவப்பு வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது, ‘எவரும்’ என்பதில் செத்தவரும் சேர்த்தியா, ஒரே ஆள் இரண்டு பெயரில் எண்ணப்பட்டிருக்கிறாரா என்று வழக்கறிஞர்கள்போல் அலசினார்கள். விவாதத்துக்கு வேண்டிய இலக்கணத்தையே கதை கொடுத்தது: எது மறுக்க முடியாதது, எது ஊகம், ஊகத்தை உடைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது. பல கல்விக்கூடங்களின் தர்க்க வகுப்பில்கூட இது இவ்வளவு தெளிவாக வராது.

எட்டாம் பாகம் 2010 டிசம்பரில் வந்தது. இரண்டாயிரம் வாதங்களுக்கு விடை கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அவர் விடையை நேராகச் சொல்லவில்லை. இறுதியில் ஒரு தேர்வு மட்டும் வைத்தார்: கண்ணெதிரே நடந்தது மந்திரமா, கைவித்தையா? அதற்கு முன்னால் ஆட்டுத்தலை கொண்ட கூட்டம் ஒன்று, ஆளுக்கொரு ஊகத்தைக் கத்திக்கொண்டே, கதைக்குள் வரும் பொன்னுலகம் என்ற மந்திர உலகத்தைக் கடித்துத் தின்கிறது. அது தங்களைத்தான் கேலி செய்கிறது என்று வாசகர்களில் பலர் எடுத்துக்கொண்டார்கள். மூன்றரை ஆண்டு கூடவே வந்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. பின்னர் கெய் நத்சுமி வரைந்த மாங்கா வடிவத்தில், ‘பொன் சூனியக்காரியின் வாக்குமூலம்’ என்ற பகுதி விளையாட்டில் சொல்லாமல் விட்ட பலவற்றை விளக்கியது. அதைப் படித்தபின் மனம் மாறிய ரசிகர்கள் ஏராளம்.

இங்கே இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவுவது எளிது. ஆட்டுத்தலைக் காட்சி தவறு என்பதே சரியான தீர்ப்பாகத் தெரிகிறது. விடையை மறைத்ததில் குற்றமில்லை. அது ஆசிரியரின் உரிமை. எழுபது வகை ஊகங்களை வரவழைக்கும்படி கதையைக் கட்டி, அவற்றின் சத்தத்திலேயே வளர்ந்து, முடிவில் ஊகித்தவர்களைப் பசித்த மந்தையாகக் காட்டுவது பேச்சு மாறுவது. வாசகர்களின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. எட்டு பாகங்களின்போதும் தங்கள் ஊகத்தை எழுதிய பலர், ஒரு கட்டத்தில் கதையைப் படிப்பதை விட்டுவிட்டுத் தங்கள் ஊகம் வெல்கிறதா என்று மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள்.

மேசைக்கு எதிரே நின்று சொன்ன கருத்தும், ஆறு மாதம் யோசித்து எழுதிய கருத்தும் இன்று எண்களாகச் சுருங்கியிருக்கின்றன. 2004-இல் தொடங்கிய மைஅனிமேலிஸ்ட் தளத்தில் ஒவ்வொருவரும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் கொடுத்திருக்கிறார்கள்: 5 என்றால் சராசரி, 7 நன்று, 10 தலைசிறந்த படைப்பு. நடைமுறையில் 7-க்குக் கீழே இறங்கிய தொடரைப் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. சராசரி என்று எழுதிவைத்த இடம் ஒன்று, ரசிகர்கள் சராசரியாகக் கருதும் இடம் வேறு.

அந்தத் தளத்தின் தரவரிசைப் பட்டியலின் உச்சியைப் பார்த்தால் இன்னொரு விநோதம் தென்படும். ‘கின்டாமா’வின் பிற்காலப் பருவங்கள், ‘அட்டாக் ஆன் டைட்டன்’ மூன்றாம் பருவத்தின் இரண்டாம் பகுதி என்று தொடர்ச்சிகள் பல நிற்கின்றன. தொடர்ச்சிகள் எப்போதும் மூலத்தைவிடச் சிறந்தவை என்பதாலா? முதல் பருவம் பிடிக்காதவர் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. மூன்றாவதற்கு மதிப்பெண் போட மிஞ்சியவர்கள் தீவிர ரசிகர்கள் மட்டுமே. பிடிக்காதவர்கள் வடிகட்டப்பட்ட பிறகு எடுக்கும் வாக்கெடுப்பு அது.

அதோடு பதவிப் போட்டியும் சேர்ந்துகொள்கிறது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. புதிய தொடர் ஒன்று அதை நெருங்கும்போதெல்லாம் பழையதைக் காக்கப் புதியதற்கு 1-களும், பதிலுக்குப் பழையதற்கு 1-களும் விழுவது அந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘ஃப்ரீரென்’ அதே ஆண்டு இறுதிக்குள் முதலிடத்தைப் பிடித்தது. மெதுவாக நடக்கும், துக்கத்தைப் பற்றிய அமைதியான கதை. அதற்கு நடந்த வரவேற்பு தேர்தல் முடிவு வெளியான இரவுபோல் இருந்தது. இந்த 1-களையும் 10-களையும் படித்து எந்த அனிமேட்டரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அடுத்து எதைப் பார்க்கலாம் என்று தேடுபவருக்கு ஓரளவு உதவும், அவ்வளவே.

விஷுவல் நாவலுக்கு எண் இன்னும் குறைவாகவே பொருந்தும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் கட்டைவிரல் மேலே அல்லது கீழே என்று இரண்டே தீர்ப்பு. பரவாயில்லை, கூடவே அந்த ஆள் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் அச்சாகிறது. அந்தச் சிறு எண்தான் அங்கே மிகப் பயனுள்ள விமர்சனம். ஹிகுராஷியின் தொடக்க மணி நேரங்கள் பள்ளிக்கூட விளையாட்டும் கேலியுமாகவே போகும். இரண்டு மணி நேரத்தில் எழுதியவர் ‘சலிப்பு’ என்பார். அறுபது மணி நேரம் படித்தவர், அந்தச் சலிப்பு இல்லாவிட்டால் பின்னால் வரும் பயம் இல்லை என்பார். இருவர் சொல்வதும் மெய். ஸ்டீமின் 2015 விதிப்படி வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆக, மெதுவாகச் சூடேறும் கதைகளின் முதல் தேர்வு அந்த இரண்டு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. அதற்குள் முழுக்கதையும் முடிந்துவிடும் குட்டி நாவல்களின் பாடு இன்னும் மோசம்.

மர்மக் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்வதே அதைக் கெடுப்பதாகவும் முடியலாம். 2007-இல் தொடங்கிய விஎன்டிபி என்ற விஷுவல் நாவல் தரவுத்தளம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. ஒரு கதையின் குணங்களைக் குறிச்சொற்களாகப் பயனர்கள் இடுகிறார்கள். ஒவ்வொன்றும் கதை முடிச்சை அவிழ்க்காததா, கொஞ்சம் அவிழ்ப்பதா, முழுக்க அவிழ்ப்பதா என்றும் அவர்களே சொல்ல வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதைப் படிப்பவர் தேர்ந்துகொள்கிறார். மதிப்பெண்ணைவிட இந்தக் குறிச்சொற்களில்தான் அந்தச் சமூகத்தின் உழைப்பு தெரிகிறது.

படைப்பாளியும் வாசகரும் ஒரே ஆளாக இருக்கும் இடங்களில் பழைய தாளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் ராய்தா 2000-இல் தன் சிற்றிதழில் உடற்குறையுள்ள ஐந்து பெண்களை ஒரு பக்கத்தில் வரைந்திருந்தார். 2007 ஜனவரியில் அந்தப் பக்கம் ஆங்கில இணையத்தில் உலவியபோது, பல நாடுகளில் இருந்த முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து அதை விஷுவல் நாவலாக்கக் கிளம்பினார்கள். ‘கத்தாவா ஷோஜோ’ என்று பெயர். ஊனத்தைக் கேலிப்பொருளாக்கப் போகிறார்கள் என்ற ஐயம் நியாயமாகவே எழுந்தது. 2009 ஏப்ரல் 29-இல் முதல் அங்கத்தை மட்டும் வெளியிட்டார்கள். முழுக்கதை 2012 ஜனவரி 4-இல் வந்தது, விலை ஏதுமில்லை. இடையில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் வாசகர்களின் எண்ணம் அவர்கள் கண்முன் இருந்தது. எழுதியவர்கள் பலர் என்பதால் கிளைகளின் தரம் ஏறி இறங்குகிறது. காது கேளாத ஷிசுனேயின் கிளை மெலிந்தது என்ற குறை இன்றும் உண்டு. ஆனால் கேலிப்பொருள் ஆகவில்லை.

2004-இல் டாம் ரோதாமெல் வெளியிட்ட ரென்பை என்ற இலவச மென்பொருள் இந்த வேலையை எவருக்கும் எட்டச் செய்தது. 2017-இல் உலகெங்கும் பரவிய ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ அதில் செய்யப்பட்டதே. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ‘நானோரெனோ’ என்று ஒரு மாதத்துக்குள் ஒரு விஷுவல் நாவல் செய்து முடிக்கும் வழக்கமும் உண்டு. ரென்பையில் செய்த கதையில் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் வாசகம் வேகமாகத் தாண்டி ஓடும். படித்துப் பார்த்துச் சொல்லும் நண்பரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்பார். ‘கன்ட்ரோல் விசையை எங்கே அழுத்தினாய்?’ என்று கேட்டால் உண்மை வரும்.

தமிழ் ரசிகர்களுக்கும் இப்போது இதில் ஒரு வேலை இருக்கிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ இந்தியத் திரையரங்குகளுக்குத் தமிழ்க் குரலிலும் வந்தது, க்ரஞ்சிரோல் தளத்திலும் தமிழ்க் குரல் தொடர்கள் வருகின்றன. ஜப்பானில் முடிந்துபோன படத்தைப் பற்றி இங்கிருந்து போடும் 10-உம் 1-உம் எங்கும் போய்ச் சேராது. தமிழ் வசனம் அப்படியல்ல. அதை எழுதுபவர்களும் பேசுபவர்களும் அடுத்தடுத்த தொடர்களுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கருத்து வேலைக்கு நடுவே போய்ச் சேரும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே பார்ப்பவர்கள் ‘டப்பிங் மொக்கை’ என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளாமல், எந்தக் காட்சியில் எந்த வசனம் வாயசைவுக்காக நசுங்கியது, தம்பி அண்ணனைக் கூப்பிடும் விதம் எங்கே வீட்டுப் பேச்சாக இருந்தது, எங்கே செய்தி வாசிப்பாகிவிட்டது என்று எழுத வேண்டும். நன்றாக வந்த வசனத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.